நுரை வராத தண்ணீர்



சில ஊர்களில் கிணற்று நீர் கடின நீராக இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைக்காது. துணியில் வெள்ளையாகப் பிசுக்கு ஒட்டும். சோப்பு வாங்கிய காசு வீண்.

காரணம் என்ன? அந்த நீரில் கால்சியம் சல்பேட் போன்ற உப்புகள் கரைந்திருக்கின்றன. கால்சியம் சோப்போடு சேர்ந்து, கரையாத பிசுக்காகி விடுகிறது.

இதற்கு வழி சலவைச் சோடா. அதன் இன்னொரு பெயர் சோடியம் கார்பனேட். இதை அந்த நீரில் கலந்தால், இரண்டு உப்புகளும் ஜோடி மாற்றிக் கொள்ளும். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது போல! புது ஜோடிகள் இவை: கால்சியம் கார்பனேட், சோடியம் சல்பேட்.

சுண்ணாம்புக் கல்லில் இருப்பது கால்சியம் கார்பனேட்தான். கல் நீரில் கரையுமா? கரையாது. வெள்ளையாக அடியில் படியும். சோடியம் சல்பேட் கரையும். அது நுரையைத் தடுக்காது.

சோடாவுக்குப் பதில் சமையல் உப்பைப் போட்டால்? அது சோடியம் குளோரைடு. ஜோடி மாறினால் வருவது கால்சியம் குளோரைடு. அதுவும் கரையும். எதுவும் படியாது. கால்சியம் நீரிலேயே இருக்கும். நுரை வராது.

ஆகவே, கலக்கும் முன்பே கேளுங்கள்: "புது ஜோடியில் எது கரையாது?" அது தெரிந்தால், எது படியும் என்பதும் தெரியும்.

படிந்த பின், தெளிந்த நீரை இறுத்துத் துவையுங்கள். கொஞ்சம் சோப்பே போதும். ஆனால் சோடா கலந்த நீரைக் குடிக்கக் கூடாது. பட்டுக்கும் கம்பளிக்கும் அது ஆகாது.