தத்தன் உடன்சென்ற வழி



இத்திருவிழாவில் மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றைப் பேசவேண்டும் என்று கரியாலூர்ப் பெருமக்கள் நம்மைப் பணித்தார்கள். கரியராமனை வழிபட்டுவரும் கல்வராயன் மலையிற் சைவ அடியார் வரலாறு பொருந்துமோ என்று ஐயுற வேண்டுவதில்லை. மலைமக்களுக்கு அரியும் அரனும் அயலார் அல்லர். அன்றியும் நாயனார் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். அவர் ஆண்ட திருக்கோவலூர், 2019ஆம் ஆண்டு கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின்பு, நம் மாவட்டத்து ஊராயிற்று. ஆகவே நம் மாவட்டத்து நாயனாரைப் பற்றியே பேசுகிறோம் என்று கொள்ளுங்கள்.

வரலாறு நீங்கள் அறிந்ததே. போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் திருநீறு பூசி, சடை முடித்து, புத்தகக் கட்டுக்குள் வாளை மறைத்துக்கொண்டு நள்ளிரவில் அரண்மனை புகுந்தான். ஆகமம் உரைக்க வந்ததாகச் சொன்னான். மன்னர் அவனை ஆசனத்தில் இருத்தித் தாம் தரையில் அமர்ந்து வணங்கினார். வணங்கிய வேளையில் அவன் குத்தினான். வாயிற்காவலன் தத்தன் வாளோடு பாய்ந்தான். வீழ்கின்ற மன்னர் கைநீட்டித் தடுத்து, இவர் நம்மவர், இவருக்கு இடையூறு நேராமல் கொண்டுபோய் விடுக என்று ஆணையிட்டார்.

சொற்பொழிவாளர் பலரும் இவ்விடத்தில் நின்று, திருநீற்றின் பெருமையை விரித்துரைத்து முடித்துவிடுவர். நாமும் பல மேடைகளில் அவ்வாறே முடித்திருக்கிறோம். இன்று அவ்விடத்திலிருந்து தொடங்க விரும்புகிறோம். கொல்லாமல் விட்டால் போதாதா? கதவைத் திறந்து, ஓடிப்போ என்றால் ஆகாதா? ஆகாது. வெளியே ஊர் திரண்டு நிற்கிறது. வாயிலைத் தாண்டிய பத்தாவது அடியில் முத்தநாதன் உயிர் போயிருக்கும். ஆதலின் தத்தன் உடன் சென்றான். சூழ்ந்து வந்தவர்களிடம் அரசர் ஆணையைச் சொல்லி விலக்கினான். ஊரெல்லை கடந்து, துன்பம் நேராத காட்டுவழியில் விட்டு மீண்டான். அவன் மீண்டு வந்து சொல்லும்வரை மன்னர் உயிரைத் தாங்கியிருந்தார்.

இந்த வழித்துணையைத்தான் நாம் இன்று எண்ணவேண்டும். ஏன் என்பது உங்களுக்கே தெரியும். இம்மலையிலிருந்து ஆந்திர நாட்டுச் சேசாசலக் காடுகளுக்குச் செம்மரம் வெட்டச் சென்று சிறைப்பட்டவர்கள் வீட்டுக்கு வீடு இல்லையாயினும் ஊருக்கு ஊர் உண்டு. அம்மரம் தென் ஆந்திர மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் இயல்பாகச் செறிந்து வளர்வதில்லை. அதற்குக் கடல் கடந்து விலை உண்டு. அவ்விலையில் வெட்டுகிறவன் கைக்கு வருவது எவ்வளவு என்பதைச் சென்று வந்தவரே சொல்லட்டும். 2013 டிசம்பரில் வனத்துறை அலுவலர் இருவர் அக்காட்டிற் கொல்லப்பட்டனர். அவர்களுக்கும் மனைவி மக்கள் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது. அவ்வழக்கில் 280-க்கு மேற்பட்டோர், பெரும்பாலும் தமிழகத்து மலைவாழ் மக்கள், குற்றம் சாட்டப்பட்டனர். 2016 மார்ச் மாதத்தில் திருப்பதி நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. இரண்டாண்டுகளுக்கு மேற்பட்ட காலம் போனது போனதுதான். இடையில் 2015 ஏப்ரல் 7 அன்று தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் அதே மலைக்காட்டிற் சுட்டுக் கொல்லப்பட்டதை யாவரும் அறிவர்.

சட்டம் விடுவித்தது. வழித்துணை யார்? நினைத்துப் பாருங்கள். மொழி தெரியாத ஊர்ச் சிறைவாயிலில் ஒருவன் வெளிவருகிறான். உடுத்திய துணியன்றி ஒன்றும் இல்லை. திருப்பதியோ நெல்லூரோ, அங்கிருந்து வேலூர், திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, பிறகு கச்சிராயபாளையம், கோமுகி அணை, மலைப்பாதை என்று வந்து சேரவேண்டும். வந்து சேர்ந்தால், வழக்குச் செலவுக்கு மனைவி வாங்கிய கடன் வட்டியோடு காத்திருக்கிறது. மரவள்ளி போட்டிருந்த நிலம் அடகில் இருக்கிறது. பிள்ளையின் படிப்பு நின்றிருக்கிறது. எதிர்ப்பட்டவர் கேட்பது 'எப்போது வந்தாய்?' என்பதாக இல்லாமல் 'என்ன, விட்டுவிட்டார்களா?' என்பதாக இருக்கிறது.

அவ்வேளையில் அன்போடு விசாரிக்கிறவர் ஒருவர் உண்டு. அவர் தரகர். பேருந்துக் கட்டணம் தருவார். வழக்கறிஞருக்கு நாம் கொடுத்தோம் என்பார். வீட்டுச் செலவுக்கு முன்பணம் நீட்டுவார். அந்த முன்பணத்தின் மறுமுனை மீண்டும் அதே காட்டில் கட்டப்பட்டிருக்கிறது. மறுமுறையும் சென்றான், திருந்தாதவன் என்று நாம் பேசுகிறோமே, அவனுக்கு முன்னால் நின்றவர் தரகர் ஒருவரே, நாம் நிற்கவில்லை. தத்தன் நிற்க வேண்டிய இடத்தைத் தரகருக்கு விட்டுக்கொடுத்த ஊர், பின்னர் குற்றம் சொல்வதில் என்ன நேர்மை உண்டு?

பிணையம் என்பதும் வழித்துணையே. ஆனால் உறவினர் வேறு மாநிலத்தில் இருப்பதால் பிணை நிற்க ஆளின்றி உள்ளே கிடப்பவர் பலர். 1978ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் மோதிராம் வழக்கு வந்தது. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்ப் பிணை கேட்டனர். உடன்பிறந்தவர் நின்றபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று மறுத்துவிட்டனர். நீதியரசர் கிருஷ்ணய்யர் அதைக் கடிந்து, அயல் மாவட்டத்தான், அயல் மொழிக்காரன் என்று பிணையாளைத் தள்ளலாகாது என்றார். ஆயிரம் ரூபாய்ச் சொந்தப் பிணையில் அவரை விடச் செய்தார். தீர்ப்பு வந்து நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாவிட்டால் ஏட்டில் இருந்து பயன் என்ன? 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டத்தின்படி பழங்குடியினருக்கும் காவலில் இருப்போருக்கும், வருமானம் எவ்வளவாயினும், இலவசச் சட்ட உதவி உரிமையாகும். பிணைத்தொகை கட்ட இயலாத ஏழைச் சிறைவாசிகளுக்கென்று மத்திய அரசு 2023இல் ஒரு திட்டம் வகுத்து, ஆட்சியர் முதலானோர் அடங்கிய குழுவிடம் ஒப்படைத்தது. இவற்றை நாடிச் செல்லச் சாதிச் சான்று வேண்டும், வழக்கு எண் வேண்டும், எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஊரார் அனுப்பியவராக இருக்கட்டும்.

இங்கே ஓர் ஐயம் எழும். முத்தநாதனை மன்னர் காத்தது அவன் பூண்ட திருவேடத்திற்காக. குற்றத்தைப் பொருட்படுத்தாமைக்காக அன்று. இதனை நம் ஊர்ச் செய்தியோடு ஒட்டலாமா என்று கற்றறிந்தவர் கேட்பர். உண்மை, சேக்கிழார் பெருமான் கருத்து அதுவே. வேடத்தைக் கண்ட மாத்திரத்தில், கொலை செய்தவனையும் நம்மவர் என்றார் அவர். நாமோ நம் ஊரிற் பிறந்து, நம் பாட்டன்மாரோடு காஞ்சியிலிருந்து மலையேறி வந்ததாகச் சொல்லும் அதே குடியிற் பிறந்தவனை, நீதிமன்றமே குற்றமற்றவன் என்ற பின்பும், நம்மவன் என்று சொல்லத் தயங்குகிறோம்.

குற்றம் உண்மையிலேயே செய்து தண்டனை முடித்தவன் நிலை என்ன? 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தெருவின் விதவைகளிடம் போய், விற்றவனை மன்னியுங்கள் என்று சொல்ல நமக்கு நா எழாது, சொல்லவும் கூடாது. திருக்கோவலூரில் திரண்ட மக்களின் சினத்தையும் தத்தன் பழிக்கவில்லை. ஆணையைச் சொன்னான், வழிவிடச் செய்தான், அவ்வளவே. மன்னிப்பது இழந்தவர் உரிமை. தண்டனை முடித்து வருபவனுக்கு இடம் கொடுப்பது ஊரின் கடமை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் இரண்டும் கெடும்.

இடம் கொடுப்பதாவது யாது? திருவிளையாடலில் மாபாதகம் தீர்த்த வரலாறு உண்டு. சொல்லவும் கூசும் பாவம் செய்து எங்கும் தங்க இடமின்றி அலைந்தவனுக்கு ஆலவாய் அண்ணல் இரங்கினார். வெறுமனே போ என்று விடவில்லை. பசுக்களுக்குப் புல் அறுத்துப் போடு, பொற்றாமரையில் மூழ்கு, கோயிலை வலம் வா என்று பணி கொடுத்தார். நாள்தோறும் அவன் செய்வதற்கு ஒன்று இருந்தது. செய்வதற்கு ஓர் ஊரும் இருந்தது. சாராயத் தொழிலை விட்டவர்களுக்குக் கறவை மாடு முதலியன வாங்கித் தந்து வாழ்வளிக்கும் திட்டம் ஒன்றைத் தமிழக அரசும் வைத்திருக்கிறது. அதனைக் கேள்வியுற்றபோது நமக்குப் புல் அறுத்த அந்தப் பாவியின் நினைவுதான் வந்தது! ஆனால் மாடு கொடுப்பது அரசு. பால் வாங்குவது நாம். சிறை சென்றவன் வீட்டுப் பால் வேண்டா என்று சொம்பைத் திருப்பினால் அந்த மாடு ஒரு மாதத்தில் சந்தைக்குப் போய்விடும். சாமைக்கும் கடுக்காய்க்கும் நேர்மையான விலை கிடைத்தாலே பாதிப் பேர் மலையிறங்கமாட்டார்கள். அது வேறொரு நாளைய பேச்சு.

களவு எங்கே நிகழினும் முதலில் அவன் வீட்டுக் கதவையே தட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. காவலர் தம் கடமையைச் செய்யட்டும். ஊர்ப் பெரியவர் ஒருவர் உடன் போய், அன்றிரவு இவன் எம்மோடு இருந்தான் என்று உண்மையைச் சொல்ல ஏன் அஞ்சவேண்டும்?

இன்னும் ஒன்று, சிறியது போலத் தோன்றும். திருவிழா வரி எழுதும்போது அவ்வீட்டைத் தாண்டிப் போகாதீர்கள். ஏழை, சிறையிலிருந்து வந்தவன், போகட்டும் என்று இரக்கத்தால் விடுவதாக எண்ணுகிறீர்கள். வரி வாங்காத வீடு ஊர்க் கணக்கில் இல்லாத வீடு. ஒரு ரூபாயாயினும் அவன் கையால் வாங்கிப் பெயரை எழுதுங்கள். சுவாமி புறப்பாட்டில் தோள்கொடுக்க அவனை அழையுங்கள். தோளில் தண்டு ஏறியவனைப் பின்னர் ஒருவரும் அயலான் என்று சொல்வதில்லை.

நாளை உச்சிக்காலப் பூசை முடிந்ததும் ஊர்ப் பெரியவர்கள் மண்டபத்தில் இருப்பார்கள். வெளி மாநிலச் சிறையில் மகனோ கணவனோ உள்ள தாய்மார்கள் வந்து பெயரும் வழக்கு விவரமும் சொல்லலாம். கையில் உள்ள தாள் எதுவாயினும் கொண்டு வாருங்கள். தெலுங்கு பேசத் தெரிந்தவர்கள் நம்மிடையே சிலர் உண்டு. அவர்களும் தவறாமல் வரவேண்டும். சிறைவாயில்வரை போய் அழைத்துவர இருவர் தேவை. திருச்சிற்றம்பலம்.