கணினிக் கூட்டமும் பங்கீட்டு நெறியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தமிழ் விழாவிலே கணினியைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். நம் காலனியில் கணினித் துறையில் உழைக்கும் பிள்ளைகள் இல்லாத வீடு அரிது. அவர்கள் தொழிலின் உள்ளே பழைய அறக்கேள்வி ஒன்று மறைந்து கிடக்கிறது. இருப்பது குறைவு, கேட்பவர் பலர். யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுப்பது? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

ஊருக்குச் செல்லத் தத்கால் முறையில் இரயில் இடம் தேடாதவர் நம்மில் உண்டோ? குளிரூட்டிய பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கும், ஏனையவற்றுக்கு 11 மணிக்கும் பதிவு தொடங்குகிறது. 2015ஆம் ஆண்டுவரை இரண்டும் ஒரே வேளையில் தொடங்கின. ஒரே நொடியில் வந்து மோதும் கூட்டத்தை இரண்டு பந்திகளாகப் பிரித்துவிட்டார்கள். பங்கீட்டுக் கலையின் முதற்பாடம் இதுதான்.

இனிப் பெரிய கூட்டத்தைப் பார்ப்போம். கூகுள் நிறுவனம் தன் கணினிகளுக்கு வேலை பங்கிடும் 'போர்க்' என்னும் அமைப்பைப் பற்றி 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டது. அதன்படி, ஒரு நடுத்தரத் தொகுதியில் மட்டும் ஏறத்தாழ 10,000 கணினிகள் உண்டு. அங்கு வரும் வேலைகள் இருவகையின. ஒருவகை, கேட்டவுடனே விடை சொல்ல வேண்டியவை. மின்னஞ்சலும் தேடலும் இவ்வகை. மற்றொருவகை, சில மணி நேரமோ சில நாளோ பொறுக்கக் கூடியவை. இரண்டையும் தனித்தனிக் கணினிகளில் வைத்தால், நடுத்தரத் தொகுதியில் 20 முதல் 30 விழுக்காடு கூடுதல் கணினிகள் வேண்டியிருக்கும். ஆகவே ஒன்றாகவே வைத்து, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முதன்மை எண் கொடுக்கிறார்கள். அவசர வேலை வந்தால் பொறுக்கும் வேலை எழுந்து இடம் விடவேண்டும். பிறகு வேறிடத்தில் மீண்டும் தொடங்கும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. வேலை கொடுப்பவர்கள் முன்னெச்சரிக்கையாகத் தேவைக்கு மேல் கேட்டுவிடுவார்கள். அவ்வாறு கேட்டு வாங்கிப் பயன்படுத்தாமல் கிடக்கும் பகுதியை அந்த அமைப்பு அளந்து மீட்டு, பொறுக்கும் வேலைகளுக்குத் தருகிறது. அங்கு நடந்த வேலையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வாறு மீட்ட இடத்தில் நடந்ததாக அக்கட்டுரை கூறுகிறது.

கணினிகளை மேலும் மேலும் வாங்கிக் குவித்தால் தொல்லை தீராதோ என்று கேட்கலாம். அமெரிக்கக் கணித அறிஞர் ரொனால்டு கிரகாம் 1966இலேயே இதற்கு விடை கண்டார். ஒன்று முடிந்த பின்னரே மற்றொன்று தொடங்கவேண்டும் என்ற கட்டு வேலைகளுக்குள் இருக்குமானால், பொறிகளைக் கூட்டுவதாலேயே மொத்த வேலை தாமதமாவதும் உண்டு என்று அவர் எண்கொண்டு காட்டினார். சமையலறையில் ஆள் கூடினால் சாம்பார் விரைவில் கொதித்துவிடுவதில்லை அல்லவா?

தாமதம் வேறு வழியிலும் வரும். ஒரு பெரிய வேலையை ஆயிரம் துண்டுகளாக்கிப் பகிர்ந்தால், கடைசித் துண்டு முடியும் வரையில் முழு வேலையும் முடிந்ததாகாது. பழுதுபட்ட வட்டு உள்ள ஒரே கணினி எல்லாரையும் காக்க வைத்துவிடும். இதற்குக் கூகுள் அறிஞர்கள் 2004இல் ஒரு வழி சொன்னார்கள். முடிவு நெருங்குகையில், மிஞ்சிய துண்டுகளை வேறு கணினிகளிடமும் கொடுப்பது. எது முந்துகிறதோ அதை ஏற்பது. ஒரு சோதனையில் இவ்வழியால் 891 நொடியில் முடிந்த வேலை, இது இல்லாதபோது 1283 நொடி எடுத்தது.

அடுத்து நியாயம். 9 செயலிகளும் 18 கிகாபைட் நினைவகமும் உள்ளன எனக் கொள்வோம். ஒருவருடைய ஒவ்வொரு வேலைக்கும் 1 செயலியும் 4 கிகாபைட்டும் வேண்டும். மற்றவருக்கு 3 செயலியும் 1 கிகாபைட்டும் வேண்டும். எதைச் சமமாகப் பிரிப்பது? பெர்க்லி பல்கலைக்கழகத்தார் 2011இல் தந்த விடை அழகானது: அவரவர்க்கு எது மிகுதியாகத் தேவையோ, அப்பொருளில் அவரவர் பெறும் பங்கு சமமாகட்டும். முதல்வருக்கு 3 வேலை, அடுத்தவருக்கு 2 வேலை. ஒருவர் நினைவகத்தில் மூன்றில் இரு பங்கும், மற்றவர் செயலியில் மூன்றில் இரு பங்கும் பெறுகின்றனர்.

பந்திக்கு முந்து என்பது பழமொழி. முந்துவோருக்கே எப்போதும் இலை விழுந்தால், பிந்தியவன் பட்டினி கிடப்பான். கணினித் துறையாரும் அந்நிலையைப் பட்டினி என்றே அழைக்கின்றனர்! ஒரு வேலை காத்திருக்கக் காத்திருக்க அதன் முதன்மையை உயர்த்திக்கொண்டே வருவது அதற்கு மருந்து. அம்மருந்தைப் பொறி தானாகக் கண்டுகொள்ளாது. விதி எழுதும் மனிதன் நினைத்து எழுதினால்தான் உண்டு.

இளைஞர்களே! மருத்துவமனை வரிசையும், உதவித்தொகை விண்ணப்பமும், இரயில் இடமும் நீங்கள் எழுதும் விதிகளின் வழியே மக்களைச் சென்றடையும் காலம் இது. விரைவைக் கணக்கிடும்போதே, வரிசையின் கடைசியில் நிற்பவர் எத்தனை நேரம் நிற்கிறார் என்பதையும் கணக்கிடுங்கள். சராசரி நன்றாயிருக்கிறது என்று அமைதி கொள்ளாதீர்கள். சராசரியில் அவருடைய முகம் தெரியாது.