கல்வியும் மணமும் ஆயுளும்

(நம் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மக்கட்கு நீண்ட ஆயுள் வேண்டிக் கோயில்தொறும் அருச்சனை செய்விக்கின்றோம், அது நன்றே. ஆயினும், அவ்வாயுளில் பெரும்பங்கு கொள்வன நம் வீட்டுக் கூடத்தில் நாம் செய்யும் முடிவுகள் இரண்டு என்பதை இன்று எடுத்துரைக்க விழைகின்றேன். பெண்ணை எத்துணை ஆண்டு படிக்கவைப்பது என்பது ஒன்று; அவளுக்கு எப்பொழுது மணம் முடிப்பது என்பது மற்றொன்று.

1929-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என மணவயதை வரையறுத்த காலத்து, சாத்திரம் அழிந்ததென்று கூக்குரலிட்டோர் பலர். 1978-இல் அது பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என உயர்ந்தது. சாத்திரமும் அழிந்திலது, குலமும் அழிந்திலது. எனினும், 2019-21-இல் நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 12.8 பேர் 18 வயது நிறையுமுன்னரே மணம் முடிக்கப்பெற்றவர்கள். எண்மருள் ஒருத்தி! அவ்வொருத்தி நம் தெருவில் இல்லையென்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல வல்லார் நம்மில் எவர்?

இதனால் விளையும் கேடு யாது? இடுப்பெலும்பு முற்றும் வளராத உடலில் கருத்தங்கின் பேறு கடினமாகும், வலிப்புநோயும் வரக்கூடும். நம் நாட்டுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தச்சோகை உடையவர் என்பதும் அவ்வாய்வு கண்டதே. குருதி குறைந்த இளந்தாய்க்கு எடை குறைந்த மகவு. அம்மகவுக்கு நோயெதிர்க்கும் வலி குறைவு. இங்ஙனம் ஓர் அவசர முகூர்த்தம் இருதலைமுறையின் ஆயுளைத் தின்கின்றது.

கல்வியோ இருவகையாற் காக்கின்றது. பள்ளியிலிருக்குங்காறும் மணப்பேச்சு தள்ளிப்போகும் என்பது ஒன்று. கற்ற தாய் தடுப்பூசி நாளறிவாள், மருத்துவரிடம் அஞ்சாது வினவுவாள், குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டவுடன் உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீரைப் புகட்டுவாள் என்பது மற்றொன்று. 2018-20-ஆம் ஆண்டுகளில் ஓரிலட்சம் மகப்பேற்றுக்கு இறந்த தாய்மார் இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54, பெண்கல்வியில் முன்னிற்கும் கேரளத்தில் 19. மருத்துவமனைகளும் இதற்குத் துணையே. எனினும், அவற்றின் வாயிலை உரிய காலத்தில் நாடச்செய்வது அறிவன்றோ?

“படித்த பெண்ணுக்கு வரன் அரிது, சீரும் மிகும்” என்பார் உளர். சீருக்கெனச் சேர்க்கும் பொருள் ஒருநாட் பந்தலில் கரையும்; கல்விக்கெனச் செலவிட்டதோ அவள் உயிருள்ளளவும் உடன்வரும். அரசும் இதனை உணர்ந்தது. 1989-இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டம், 2022-இல் உயர்கல்வி பயிலும் மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமாய் மாறிற்று.

ஆதலின், நம் சங்கத்தாரை வேண்டுவன இரண்டு. திருமண உதவிக்கென நாம் ஒதுக்கும் தொகையிற் பாதியேனும் பெண்மக்கள் கல்விக்கு உரியதாகுக. வயதுச் சான்று காணாது எந்த மணத்திற்கும் நம் பெரியோர் தாம்பூலம் மாற்றாதொழிக. இவ்விரண்டினையும் இக்கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்றுமாறு கேட்டுக்கொண்டு அமைகின்றேன்.