கடவுச்சொல் கசிவு: இழப்பை ஏற்பவர் யார்?

வங்கிக் கணக்கு, வரிக் கணக்கு, வருங்கால வைப்பு நிதி, நிலப் பதிவேடு ஆகிய பலவும் இன்று இணையத்தின் வழியே இயங்குகின்றன. இவற்றின் வாயிலைத் திறக்கும் சாவி கடவுச்சொல். இரும்புப் பெட்டியின் சாவி களவு போனால் உரியவர் அதனை விரைவில் அறிவார். கடவுச்சொல்லோ களவு போன பின்னரும் உரியவரிடமே இருக்கிறது. பணம் மறைந்த பிறகே களவு புலப்படுகிறது. அப்போது எழும் வினா ஒன்றே: இழப்பை ஏற்க வேண்டியவர் யார்?

பழைய குறை

இக்குறை புதிதன்று. ஒரு கணிப்பொறியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்தும் முறையைப் பேராசிரியர் பெர்னாண்டோ கார்பட்டோ அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1961-ல் செய்து காட்டினார். அவரவர் கோப்பைக் காக்க அங்கே கடவுச்சொல் புகுத்தப்பட்டது. அதே பத்தாண்டில் ஒரு நாள், கணிப்பொறியைத் திறந்த ஒவ்வொருவர் முன்பும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் அடங்கிய பட்டியல் தோன்றிற்று. அதில் திருடன் எவனும் இல்லை. இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்த, இரண்டின் தற்காலிகப் படிகளுக்கும் ஒரே பெயர் அமைந்துவிட்டதே காரணம். கசிவுக்குப் பெரும்பாலும் வழிசெய்வது அமைப்பின் குறையே என்ற பாடம் அன்றே கிடைத்தது.

மாற்று மருந்தும் காலத்திலேயே கிடைத்தது. கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கக் கூடாது. மீட்க இயலாத வடிவுக்கு மாற்றி, ஒவ்வொன்றோடும் தனித்தனியே ஓர் எண்ணைக் கலந்து வைக்க வேண்டும் என்பதை பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ராபர்ட் மாரிஸும் கென் தாம்ப்சனும் 1979-ல் விளக்கினர். ஆயினும் 30 ஆண்டுகள் கழித்து, 2009-ல், ராக்யூ நிறுவனத்திடமிருந்து 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளிவந்தபோது அவை யாவும் எழுதியது எழுதியபடியே இருந்தன. 2012-ல் லிங்க்ட்இன் நிறுவனத்திலிருந்து வெளியானவை உருமாற்றப்பட்டிருந்தும் அக்கலப்பு எண் சேர்க்கப்படாதவை. அறிவு இல்லாமையால் அன்று, அறிந்ததைச் செய்யாமையாலேயே இழப்பு நேர்ந்தது.

கசியும் வழிகள்

சேமிப்பறை மட்டுமே கசியும் இடமன்று. அமைப்பின் நடவடிக்கைகளைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் கடவுச்சொற்கள் உருமாறுமுன் எழுதப்பட்டதைக் கண்ட ட்விட்டர் நிறுவனம், 2018 மே மாதத்தில் தன் 33 கோடிப் பயனாளர்களையும் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுமாறு வேண்டிற்று. நிரல் எழுதுவோர் சேமிப்பறையின் சாவியையே நிரலுக்குள் எழுதி வைப்பது மற்றொரு வழி. ஊபர் நிறுவனத்தின் நிரற் களஞ்சியத்தினுள் 2016-ல் புகுந்தவர்கள் அத்தகைய சாவியைக் கண்டெடுத்து 5.7 கோடிப் பேரின் விவரங்களை அடைந்தனர்.

மூன்றாவது வழி, எல்லோரும் நம்பும் பொதுக் கருவியிலுள்ள பிழை. ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் இலவச மென்பொருளில் 2012-ல் புகுந்த பிழையொன்று 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பெயரில் வெளிப்பட்டது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று வினவும் சிறு செய்தியில் அதன் நீளத்தைப் பொய்யாகக் கூறினால், வழங்கி தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளித் தந்துவிடும். அதில் கடவுச்சொல்லும் இருக்கலாம். மறையாக்கச் சாவியும் இருக்கலாம். கனடாவின் வருவாய்த் துறையில் சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் இவ்வாறு களவாடப்பட்டன. உலகின் பெருநிறுவனங்கள் பல சார்ந்திருந்த அக்கருவியைப் பேணியவர்களோ மிகச் சிலரே. பொதுக் கிணற்றில் நீர் இறைப்பவர் பலர், தூர் எடுப்பவர் எவருமிலர் என்ற நிலை.

பொருளியல் நோக்கு

ஒருவரின் கவனக்குறைவால் விளையும் செலவு பிறர் தலையில் விழுவதைப் பொருளியல் புறவிளைவு என்கிறது. ஆலைக் கழிவு ஆற்றைக் கெடுப்பதைப் போல, ஒரு சிறு வணிகத் தளத்தில் கசிந்த கடவுச்சொல், அதே சொல்லைப் பயன்படுத்திய வங்கிக் கணக்கையும் திறந்துவிடுகிறது. கசியவிட்ட தளத்துக்கு அதனால் நட்டமில்லை. ஆகவே காப்புக்குச் செலவிடும் தூண்டுதலும் இல்லை.

பாதுகாப்பின் தோல்விக்குத் தொழில்நுட்பத்தைப் போலவே தவறான தூண்டுதலும் காரணம் என்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் 2001-ல் எடுத்துக்காட்டினார். தானியங்கிப் பணப்பொறி மோசடியில் அமெரிக்காவில் மெய்ப்பிக்கும் பொறுப்பு வங்கியைச் சார்ந்தது. பிரிட்டனிலோ அன்று வாடிக்கையாளரைச் சார்ந்திருந்தது. பொறுப்பற்றிருந்த பிரிட்டிஷ் வங்கிகள் அசட்டையாயின. மோசடி அங்கே பெருகிற்று.

இந்திய ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் வெளியிட்ட சுற்றறிக்கை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. வங்கியின் குறையால் நேர்ந்த இழப்பில் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை. குறை இருவரிடமும் இல்லாதபோது, மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் அப்போதும் பொறுப்பில்லை. வாடிக்கையாளரே பொறுப்பு என மெய்ப்பிக்கும் சுமை வங்கியுடையது என அது வகுத்தது. கடவுச்சொல்லைப் பிறரிடம் சொல்லவில்லை என்பதை எந்த முதியவரால் மெய்ப்பிக்க இயலும்? இல்லாததைச் சான்று கொண்டு நிறுவுமாறு கேட்பது நீதியாகாது.

செய்ய வேண்டுவன

சட்டத்தின் துணை வளர்ந்துள்ளது. 2004 முதல் இயங்கும் இந்தியக் கணினி அவசரநிலை எதிர்வினைக் குழு, இணையத் தாக்குதல்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்குமாறு 2022 ஏப்ரல் 28-ல் ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டின் இலக்கமுறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தக்க காப்பின்றித் தரவு கசியவிடுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்கிறது.

ஆனால் தண்டம் இழப்புக்குப் பின் வருவது. முன்னரே செய்யத்தக்கது, அரசுத் துறைகள் மென்பொருளுக்குக் கோரும் ஒப்பந்தப் புள்ளிகளில் உள்ளது. குறைந்த விலை கூறியவருக்கே பணி என்னும்போது முதலில் வெட்டப்படுவது காப்புச் செலவே. கடவுச்சொல்லை உருமாற்றியே சேமித்தல், சாவிகளை நிரலில் எழுதாமை, பதிவேடுகளில் மறைத்தல், ஆண்டுதோறும் தணிக்கை ஆகியவற்றை நிபந்தனைகளாக்கி, அவற்றுக்குரிய தொகையை மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். அணை கட்டும்போதே மதகுக்குப் பணம் ஒதுக்கப்படுவதைப் போன்றது இது.

பயனாளருக்கு அறிவுரையும் தேவையே. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்தாமை நன்று. எனினும் சிற்றூரின் ஓய்வூதியர் மறையாக்கம் கற்றுத் தம்மைக் காத்துக்கொள்வார் என்று எந்தத் திட்டமும் எதிர்பார்க்கலாகாது. கதவை அமைத்தவரே அதன் உறுதிக்கும் பொறுப்பேற்கும்போதுதான் இணையச் சேவை மக்களின் நம்பிக்கையைப் பெறும்.