ஆலய ஆர்கனில் யாரை அமர்த்துவது?

(பங்குப் பேரவையினரும் பாடற்குழுவினரும் கூடிய கூட்டத்தில் பங்குத் தந்தை ஆற்றிய உரை)



நீண்ட காலம் நம் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த பெரியவர் முதுமையால் ஓய்வு பெறுகிறார். அடுத்தவர் யார் என்று பொன்விழாவுக்குள் நாம் முடிவு செய்ய வேண்டும். "மெல்லிசைக் குழுவில் வாசிக்கும் கெட்டிக்காரப் பையன் ஒருவன் இருக்கிறான், சாமி" என்கின்றனர் சிலர். கெட்டிக்காரத்தனம் வேண்டியதுதான். அது மட்டும் போதுமா?

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, குழாய் ஆர்கனைப் பெரிதும் மதிக்கிறது. தகுந்த பிற கருவிகளுக்கும் இடம் தருகிறது. 1967-இல் திருவழிபாட்டு இசை பற்றி வந்த போதனையோ இன்னும் தெளிவாகப் பேசுகிறது. கருவி குரலைத் தாங்க வேண்டும், அமுக்கிவிடக் கூடாது. வாசிப்பவர் கைத்திறனோடு திருவழிபாட்டின் உட்பொருளையும் உணர்ந்திருக்க வேண்டும். இதுவே நமக்கு அளவுகோல்.

முதலாவது, அவருடைய காதைச் சோதியுங்கள். தனியே வாசிக்கச் சொல்லாமல், மக்களைப் பாடச் சொல்லி உடன் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் கடைசி வரிசையில் நின்று கேளுங்கள். பாட்டிமார் எட்டிப் பிடிக்க முடியாத சுருதியில் தொடங்குகிறாரா? சரணத்துக்குச் சரணம் மூச்சு விட நேரம் தருகிறாரா? கடைசிச் சரணத்தில் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். மக்களின் பாட்டு தொடர்ந்தால் அவர் நல்லவர். சட்டென நின்றுவிட்டால், அதுவரை பாடியது கருவிதான், மக்கள் அல்லர். இன்றைய கீபோர்டில் பொத்தானை அழுத்தினால் தாளம் தானே ஓடும். அந்தத் தாளம் மக்களுக்காகக் காத்திராது.

இரண்டாவது, மௌனம் அறிந்தவரா என்று பாருங்கள். குரு மன்றாட்டுகளைச் சொல்லும்போது கருவி பேசக்கூடாது. தவக்காலத்தில் நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் தவிர, பாட்டுக்குத் துணையாக மட்டுமே வாசிக்கலாம். பெரிய வியாழன் வானவர் கீதம் முடிந்தது முதல் பாஸ்கா திருவிழிப்பின் வானவர் கீதம் வரையிலும் அப்படியே. திருமணத்தில் சினிமா மெட்டு கேட்டால் பணிவாக மறுக்கும் துணிவும் வேண்டும்.

மூன்றாவது, குணம். ஒத்திகைக்கு நேரத்தோடு வருகிறாரா? பதிலுரைப் பாடலை முன்கூட்டியே பார்த்து வைக்கிறாரா? நம் பிள்ளைகள் இருவருக்காவது கற்றுக்கொடுக்க மனம் உண்டா? இல்லையெனில், அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் ஆலயம் ஊமையாகிவிடும்.

இனி நம் கடமை. "கோவில் வேலைதானே, சேவையாகச் செய்யட்டும்" என்று பேரவையில் ஒரு குரல் எழுந்தது. தானாக முன்வந்து சேவை செய்பவரை வாழ்த்துவோம். ஆனால் சேவை என்ற பெயரால் ஒருவருடைய கூலியை நாம் பிடித்து வைக்கலாகாது. உழைப்பவனுக்கு நீதியான கூலி வேண்டுமென்று 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் உலகுக்கே எடுத்துரைத்தார். அந்தப் போதனை ஆலய வாசலுக்கு வெளியே மட்டும்தானா? மாதச் சம்பளம், விடுப்பு, திருமணத்திற்கும் அடக்கத்திற்கும் உரிய தொகை எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி வைப்போம். பின்னர் மனக்கசப்பு வராது.

அன்பர்களே, திருப்பலி முடிந்து வீடு திரும்பும்போது "எவ்வளவு நன்றாக வாசித்தான்!" என்று வியப்பதைவிட, "இன்று நாமெல்லாரும் பாடினோம்" என்று மகிழ்வதே மேல். அந்த மகிழ்ச்சியைத் தரக்கூடியவரை ஜெபத்தோடு தேர்ந்தெடுங்கள். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக!