காய்க்கு உயிர் வந்தால்

பரமபதத்தில் பாம்பு கடித்தால், "என் காய் இறங்கிடுச்சு" என்றுதான் குழந்தை சொல்லும். அந்தக் காய்க்குப் பெயரும் இல்லை, குணமும் இல்லை. காயாகவே குழந்தை மாறிவிடும் ஆட்டங்களும் இருக்கின்றன.

ஜெர்ரி ஹாதோர்ன் வடிவமைத்து 2018-இல் வெளிவந்த 'ஸ்டஃப்ட் ஃபேபிள்ஸ்' அப்படி ஒன்று. தூங்கும் சிறுமியைக் காக்கக் கிளம்பும் கரடி, யானை, முயல் போன்ற பொம்மைகள்தான் ஆட்டக்காரர்கள். அடிபட்டால் ரத்தம் வராது, பஞ்சுதான் போகும்! பயந்த பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல். பலகைக்குப் பதிலாக ஒரு கதைப் புத்தகம். பக்கம் புரட்டினால் புதுக் களம். எல்லோரும் ஒரே அணி என்பதால், அண்ணன் ஜெயித்துத் தங்கை அழும் பேச்சே இல்லை.

ஆனால் வாசிக்க நிறைய இருக்கிறது. ஐந்து வயதுக்கு இது பாரம்; ஏழெட்டு வயதில் தொடங்கலாம், பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும். எந்த ஆட்டம் வாங்கினாலும், பகடை மட்டுமே முடிவு செய்கிறதா, பிள்ளையும் முடிவெடுக்கிறதா என்று பாருங்கள்.

ஆடும்போது, "கரடியாரே, இப்ப என்ன செய்யப் போறீங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை சும்மா இருங்கள்.