ஆசனம் கிடைத்த பிறகு



காலி வீதியால் நடந்து இந்தக் கொழும்புத் தமிழ்ச் சங்கத்துக்கு வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். லண்டன் பட்டம், அவுஸ்திரேலியப் பட்டம், கடைசி வருடம் வெளிநாட்டில் என்று வரிசையாக விளம்பரப் பலகைகள். கொட்டாஞ்சேனையிலும் அதே கதைதான். சம்பளத்தையும் விசாவையும் காட்டிக் கூப்பிடுகிறார்கள். அங்கே என்ன படிப்பிப்பார்கள்? அதை யாரும் எழுதுவதில்லை, நாங்களும் கேட்பதில்லை.

கல்யாண வீடுகளில் கேட்டிருக்கிறேன். "மகன் என்ன செய்யுறார்?" "மொறட்டுவையில இன்ஜினியரிங்!" மண்டபம் முழுக்கக் கேட்கும். "மகள்?" "அவ... ஆர்ட்ஸ்." தாயின் குரல் இறங்கிவிடும். மகள் பக்கத்திலேயே நிற்பாள். அவளை அப்படித் தலைகுனிய வைக்க எங்களுக்கு யார் உரிமை தந்தது?

இந்தப் புத்திக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது, மறுக்கவில்லை. 1970–71இல் மருத்துவபீடம் போகத் தமிழில் எழுதிய பிள்ளைக்கு 250 புள்ளி வேண்டும், சிங்களத்தில் எழுதிய பிள்ளைக்கு 229 போதும் என்றது அரசாங்கம். அது அப்பட்டமான அநியாயம். எதிர்த்து நின்றவர்கள் நின்றது சரி. ஆனால் அரை நூற்றாண்டாகப் பல்கலைக்கழக ஆசனம், ஆசனம் என்று போராடியதில், அங்கே போய் இருந்து என்ன செய்வது என்ற கேள்வியைக் கைவிட்டுவிட்டோம். எல்லா வெட்டுப்புள்ளியும் எங்களுக்கு மனப்பாடம். எந்தப் பீடத்தில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்றால் விழிக்கிறோம்.

இந்தச் சங்கம் பிறந்த 1942இல்தான் இலங்கைப் பல்கலைக்கழகமும் பிறந்தது. அதற்கு 36 வருடம் முன்பே அதைக் கேட்டு இயக்கம் நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். கேம்பிரிட்ஜில் படித்தவர், பிள்ளைகளையும் அங்கே அனுப்ப வசதியுள்ளவர். அவர் கேட்டது தன் வீட்டுக்காகவா?

அந்தப் பல்கலைக்கழகம் என்ன செய்தது? 1956இல் அதன் ஆசிரியர் சரச்சந்திர அதன் மாணவர்களைக் கொண்டு 'மனமே' நாடகத்தை மேடையேற்றினார். சிங்கள நாடகத்துக்குப் புதுவழி பிறந்தது. 1960களில் பேராசிரியர் வித்தியானந்தன் அதே பல்கலைக்கழகத்தின் பேராதனை வளாகத்தில் மட்டக்களப்புக் கூத்தைக் கையில் எடுத்தார். படித்தவர்கள் பட்டிக்காட்டு ஆட்டம் என்று ஒதுக்கிய கூத்து அது. கூத்து ஆசான்களான அண்ணாவிமாரின் துணையோடு, கம்பஸ் பிள்ளைகளின் காலில் சலங்கை கட்டி, விடிய விடிய ஆடியதைச் சுருக்கி, 'கர்ணன் போர்' என்று மேடைக்குக் கொண்டுவந்தார். எந்தக் கம்பனி கேட்டது அதை? எந்தத் தொழிற்சந்தையில் விலை இருந்தது? தன் கலையைப் பார்த்து வெட்கப்பட்ட ஒரு சமூகம் அதன் பிறகு நிமிர்ந்தது. பல்கலைக்கழகம் அதற்குத்தான்! வைத்தியரும் பொறியியலாளரும் வேண்டும். அவர்களையும் தாங்கள் வாழும் சமூகத்தைப் படித்தவர்களாக அனுப்பவேண்டும்.

இதற்கெல்லாம் காசு யார் தந்தது? கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வி, தேயிலை உழைத்த பணத்தில் வளர்ந்தது. கொழுந்து கிள்ளியவளின் பிள்ளை போன தோட்டப் பாடசாலையோ அந்தத் திட்டத்துக்கு வெளியே. அரசு தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்க 1970கள் ஆயின. கொட்டாஞ்சேனைக் கடைகளில் காலையிலிருந்து இரவுவரை கால்கடுக்க நிற்கும் மலையகப் பிள்ளைகளைக் கேளுங்கள், எத்தனையாம் வகுப்போடு நின்றார்கள் என்று. இலவசமாகப் பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் அவர்களுக்குக் கடன்காரர்.

அரசாங்கத்துக்கும் சொல்கிறேன். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதம் கேட்டு மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள், காலியிலிருந்து கொழும்புக்கு நடந்தார்கள். அதில் பாதிகூட இன்னும் கிடைக்கவில்லை. காசைக் கொடுக்காமல் கலைப்பீடத்தைப் பார்த்து "வேலைக்கு உதவாத பட்டம்" என்று ஏசாதீர்கள்!

சங்கத்தாரிடம் ஒரு கோரிக்கை. மாதத்தில் ஒரு மாலை இந்த மேடையை ஆய்வு மாணவர்களுக்குக் கொடுங்கள். முகத்துவாரத்தில் களனி ஆற்றுத் தண்ணீரைச் சோதித்த பிள்ளை வரட்டும். லயன் வீட்டுக் காணியுரிமையை ஆராய்ந்த பிள்ளை வரட்டும். கண்டதைக் கடையில் நிற்கும் பிள்ளைக்கும் விளங்கும் தமிழில் சொல்லட்டும். கடை பூட்டிய பிறகு தொடங்குங்கள், அவர்களும் வந்து கேள்வி கேட்கட்டும்.